முதலில் தராசு சமனாக வேண்டும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்றைய சமுதாயத்திலே காணப்படும் சமூக, பொருளாதார ஏற்றத்தாழ்வுகளை நமது இலக்கியம் எவ்வாறு நோக்கியிருக்கிறது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விடயம். விடயம் மிகப் பெரியது. நமக்குக் கிடைத்திருக்கும் நேரமோ சிறியது. ஆகவே உலகத்து ஏற்றத்தாழ்வுகள் அனைத்தையும் பேசப் புகாமல், நமது நாட்டிலேயே, நாம் ஒவ்வொருவரும் காலையில் அருந்தும் தேநீரோடு தொடர்புடைய ஓரிடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்த இடம் மலையகம். அங்கே போவதற்கு முன்னர், தமிழாசிரியன் என்ற முறையில், உங்களை ஒரு கணம் திருக்குறளுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

நடுவுநிலைமை என்ற அதிகாரத்திலே வள்ளுவர் சான்றோருக்குத் துலாக்கோலை உவமை கூறுகிறார். ஒரு பக்கம் சாயாதிருத்தல் சான்றோருக்கு அழகு என்பது குறளின் கருத்து. இதனை மாணவர் எளிதாகச் சொல்லிவிடுவர். ஆனால், பரிமேலழகர் உரையைப் படிக்கும்போது இன்னொரு நுட்பம் புலப்படுகிறது. துலாக்கோல் இரண்டு காரியங்களைச் செய்கிறது. முதலில் அது தான் சமனாக நிற்கிறது. அதன் பின்னரே தன்மீது வைத்த பாரத்தை அளவிடுகிறது. வரிசை முக்கியம். தட்டுகள் ஏற்கனவே ஏறியும் இறங்கியும் இருக்கும் தராசிலே எவ்வளவு நேர்மையானவன் நின்று நிறுத்தாலும் நிறை பிழையாகத்தான் வரும். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள் வாணிகருக்குச் சொல்லப்பட்டிருப்பதும் கவனிக்கத்தக்கது. நீதிமன்றத்து நடுவுநிலைமையோடு சந்தையின் நடுவுநிலைமையையும் வள்ளுவர் சேர்த்தே எண்ணியிருக்கிறார்.

ஏற்றத்தாழ்வு என்றவுடன் நாம் பெரும்பாலும் இருப்பவன், இல்லாதவன் என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடுகிறோம். ஒருவனிடம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுகிறோம். அவனுடைய உழைப்பையும் உரிமையையும் அறிவையும் அளக்கின்ற கோல் யாருடைய கையில் இருக்கிறது என்று கேட்க மறந்துவிடுகிறோம். நமது மலையக எழுத்தாளர்கள் அதனைக் கேட்டார்கள். அவர்களுடைய நூல்களின் தலைப்புகளே அதற்குச் சான்று.

என். எஸ். எம். ராமையாவை வாசகர்கள் அறிவார்கள். வானொலி நாடகங்களும் எழுதியவர் அவர். அவருடைய புகழ்பெற்ற சிறுகதைத் தொகுதி 1980ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் பெயர் 'ஒரு கூடைக் கொழுந்து'. மலையின் அழகையோ பனியையோ தலைப்பாக்காமல், ஒரு பெண் முதுகிலே சுமக்கும் கூடையைத் தலைப்பாக்கினார். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத்திலே ஒரு பெண்ணின் பகற்பொழுது முழுவதும் அந்தக் கூடையிலேதான் சேருகிறது. விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, அட்டைக்கடியும் மழையும் தாங்கி நிரை பிடித்துக் கொய்தவை யாவும் கொழுந்து மடுவத்திலே தராசில் ஏறும்போதுதான் ஓர் எண்ணாக மாறுகின்றன. அந்த எண்ணை வாசிப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். கொய்தவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். கூடையின் நிறைக்கென்றும், இலையின் ஈரத்துக்கென்றும் கிலோக் கணக்கில் கழிப்பது வழக்கம். மழை பெய்தால் ஈரத்துக்குக் கழிப்பார்கள். மழையில் நனைந்தவளுக்கு எதையும் கூட்டுவதில்லை.

நாளுக்கு இவ்வளவு கொழுந்து என்று ஓர் அளவு உண்டு. அதனை எட்டினால் அன்றைக்கு ஒரு 'பேர்' விழும். எட்டாவிட்டால் 'அரைப்பேர்'. தோட்டத்துப் பேச்சிலே சாதாரணமாகப் புழங்கும் சொல் இது. நாமெல்லாம் பெயரைப் பிறப்போடு பெற்றவர்கள். பெற்றோர் சூட்டிய பெயர் முழுமையாக இருந்தும், செக்றோலிலே பாதிப் பெயராகிவிடும் மனிதர்கள் இந்நாட்டிலே இருக்கிறார்கள் என்பதை இந்த ஒரு சொல் உணர்த்திவிடுகிறது. பொருளாதார நூல்கள் பல பக்கங்களிலே விளக்கும் விடயத்தை உழைக்கும் மக்களின் மொழி இரண்டே சொற்களில் வைத்திருக்கிறது.

சம்பளம் கூடவில்லையா என்று கேட்பீர்கள். கூடியிருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்ற நிலை 1984இல் வந்தது. நீண்ட போராட்டத்தின் பின்னர் 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக விதிக்கப்பட்டது. ஆனால் அப்பொழுது என்ன நடந்தது? நாளொன்றுக்குக் கொய்ய வேண்டிய கொழுந்தின் அளவு கூட்டப்பட்டதாகவும், வேலை நாட்கள் குறைக்கப்பட்டதாகவும் பல தோட்டங்களிலிருந்து தொழிலாளர் முறையிட்டனர். அடுத்த ஆண்டே நாட்டின் பொருளாதாரம் சரிந்து, அரிசியும் மாவும் எட்டாத விலைக்கு ஏறின. சம்பளம் என்ற எண்ணை மாற்றினோம். அளக்கும் கோல் இருந்த கையிலேயே இருந்தது. கோலை வைத்திருப்பவர், ஒரு பக்கம் கொடுத்ததை மறுபக்கம் எடுத்துவிட முடியும். 2019ஆம் ஆண்டு அரசாங்கம் நடத்திய வீட்டு வருமான, செலவின அளவீட்டின்படி, நாடு முழுவதிலும் வறுமைக்கோட்டின் கீழ் வாழ்ந்தோர் நூற்றுக்கு 14.3 பேர். தோட்டத்துறையிலே அது 33.8 ஆக இருந்தது. அதாவது மூவரில் ஒருவர்.

இரண்டாவது தலைப்புக்கு வருகிறேன். மலையகத்தின் மூத்த படைப்பாளி சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். அவருடைய நாவல் ஒன்றின் பெயர் 'வீடற்றவன்'. தோட்டத்துத் தொழிலாளிக்கு லயத்திலே காம்பரா இருக்கிறதே, அவன் எப்படி வீடற்றவனாவான் என்று ஒருவர் கேட்கலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பரா. அதிலே சில வேளைகளில் மூன்று தலைமுறை. அந்தக் காம்பராவும் வேலையோடு ஒட்டியது. வேலை போனால் கூரையும் போய்விடும் என்ற அச்சம் பரம்பரை பரம்பரையாக அந்த மக்களைத் தொடர்ந்து வந்தது. உரிமையில்லாத கூரையை வீடென்று சொல்வதற்கு சி. வி.யின் மனம் ஒப்பவில்லை.

வீடு இல்லையென்றால் முகவரியும் இல்லை. நகரத்திலிருப்போர் இதனைச் சிந்திப்பதில்லை. நம் வாசலுக்குத் தபாற்காரர் வருவார்; மணியடிப்பார்; கடிதம் தருவார். பல தோட்டங்களிலே கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து கைமாறிக் கைமாறி லயத்தை அடையும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்புக் கடிதம் பரீட்சை முடிந்த பின்னர் வந்து சேர்ந்த கதையை மலையகத்து இளைஞர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த இளைஞனின் தகுதியை எந்தத் தராசிலே நிறுப்பது? அவனுக்குத் தராசுக்குக் கிட்டப் போகவே வழியில்லாமற் போயிற்று.

இன்னுமொன்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டங்களுக்குள்ளே பாதை போடவோ பிற வசதிகள் செய்யவோ சபைகளுக்குத் தடையாக இருந்தது. மக்கள் வாக்களித்துச் சபையைத் தெரிவு செய்யலாம். அந்தச் சபையின் பணம் அவர்களுடைய பாதைக்கு வர முடியாது. இக்குறை 2018இல்தான் சட்டத் திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டது. முப்பத்தொரு வருடங்கள். ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, தானும் ஒரு குழந்தைக்குத் தாயாகும் காலம். அண்மைக் காலத்திலே ஏழு பேர்ச் காணியிலே தனி வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டிருப்பதை நாம் வரவேற்க வேண்டும். எனினும், லயங்களிலேயே இன்னமும் பெருந்தொகையானோர் வாழ்கிறார்கள் என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது தலைப்பு தெளிவத்தை ஜோசப்பினுடையது. 2022இல் நம்மை விட்டுப் பிரிந்த அப்பெருமகனாரின் சிறுகதைத் தொகுதி, 1979இல் வெளிவந்தது. பெயர் 'நாமிருக்கும் நாடே'. பாரதியின் விடுதலைப் பாட்டு உங்களுக்கு நினைவுக்கு வரும். பாட்டிலே நாடு என்ற சொல்லுக்கு அடுத்து உடைமையைக் குறிக்கும் ஒரு சொல் வருகிறது. தெளிவத்தையின் தலைப்பு அந்தச் சொல்லுக்கு முன்னர் நின்றுவிடுகிறது. சொல்லப்படாத அந்த ஒரு சொல்லுக்குள்ளே மலையக மக்களின் அரசியல் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே தோட்டத்து மக்கள் வாக்களித்தார்கள். சி. வி. வேலுப்பிள்ளையே தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றார். 1948இல் குடியுரிமைச் சட்டம். 1949இல் வாக்குரிமை பறிப்பு. 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வாக்கில்லை. 1964இல் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மனிதர்களை இரண்டு அரசாங்கங்கள் எண்ணிப் பங்கிட்டன: ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் அங்கே, மூன்று இலட்சம் இங்கே, மீதி பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று. சரக்கைத்தான் இப்படிப் பங்கிடுவார்கள். குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெருமளவு தீர்ந்தது. இடையிலே சென்றவை ஐம்பத்தைந்து ஆண்டுகள். பொருளாதார ஏற்றத்தாழ்வு தானாக முளைத்ததென்று எண்ணுவோர் இந்தக் காலக் கணக்கைப் பார்க்க வேண்டும். வாக்கில்லாத மக்களுக்காக யாரும் பாதை போடுவதில்லை, பள்ளிக்கூடம் கட்டுவதில்லை. வறுமைக்கு முன்னால் சட்டம் வந்தது.

பள்ளிக்கூடம் என்றேன். என் தொழில் அதுவாகையால் சற்றே விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் பெயரோடு விளங்கும் இலவசக் கல்வித் திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்தது. உழவன் மகனும் மீனவன் மகளும் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வந்ததற்கு அத்திட்டமே காரணம். அதனை நான் எந்நாளும் நன்றியோடு நினைப்பவன். ஆனால் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தால் பொறுப்பேற்கப்பட்டது 1970களிலேதான். நாட்டின் ஏனைய பிள்ளைகள் ஓடத் தொடங்கி ஒரு தலைமுறை கழிந்த பின்னர், அந்தப் பிள்ளைகள் கோட்டுக்கு வந்து நின்றார்கள். பின்னர் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையிலே எல்லோருக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து, பரீட்சை பொதுவானது, முயன்றவன் வென்றான் என்கிறோம். வினாத்தாள் பொதுவானதுதான். அந்த மேசைக்கு வந்து சேர்ந்த பாதை பொதுவானதல்லவே.

2020, 2021ஆம் ஆண்டுகளிலே தொற்று நோயினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது இது வெட்டவெளிச்சமாயிற்று. இணையவழி வகுப்பு என்றோம். கொழும்பிலே பிள்ளை தன் அறையிலிருந்து படித்தது. மலையிலும் வன்னியிலும் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் குன்றுகளிலும் மரங்களிலும் ஏறினார்கள். வீட்டிலே ஒரேயொரு தொலைபேசி; அதுவும் அப்பா வேலைக்குப் போகும்போது அவரோடு போய்விடும். பாடம் ஒன்று, ஆசிரியர் ஒருவர், பரீட்சை ஒன்று. தராசு மட்டும் சமனில்லை.

இதற்கு மறுப்புரைப்போர் உண்டு. தோட்டத்திலே வீடு இலவசம், வைத்தியம் இலவசம், பிள்ளைக்காம்பராவும் உண்டு. கிராமத்து விவசாயிக்கு அவையும் இல்லையே என்பர். கிராமத்து ஏழையின் துன்பத்தை நான் குறைத்துக் கூற மாட்டேன். மழை பொய்த்தால் அவன் முழுக்கடனாளி. ஆயினும் அவனுக்கு ஒரு துண்டுக் காணி, ஒரு முகவரி, கிராம சேவகரிடம் ஒரு பதிவு, வழிபாட்டு ஊர் என்று சொல்ல ஓரிடம் பெரும்பாலும் இருக்கிறது. கொடுப்பவன் கையாலேயே எல்லாம் வருமானால், இலவசம் என்பதும் ஒரு கட்டுத்தான். முற்காலத்திலே 'துண்டு' முறை இருந்தது. தொழிலாளியின் கடனைக் காகிதத் துண்டிலே எழுதி, அக்கடனைக் கட்டும் தோட்டத்துக்கு அவனை மாற்றுவார்கள். 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. துண்டு போனாலும் தங்கியிருத்தல் போகவில்லை.

நேயர்களே, இவ்வளவு நேரமும் துரைமாரையும் அரசாங்கங்களையும் பேசியவன், நம்முடைய சொந்தத் தராசைப் பேசாமல் எழுந்தால் அது நேர்மையாகாது. வடக்கிலே சாதியின் பெயரால் கிணறுகளும் கோயில்களும் மறுக்கப்பட்டதை நம் எழுத்தாளர்களே பதிந்துவைத்தார்கள். டொமினிக் ஜீவாவின் முதற் சிறுகதைத் தொகுதிக்குத் 'தண்ணீரும் கண்ணீரும்' என்று பெயர். கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வந்தது. 1957இலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியிருந்தும், 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. கலவரங்களால் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு 1977இலும் 1983இலும் வன்னிக்கு வந்த மக்களை நாம் எவ்வாறு வரவேற்றோம்? பலர் அங்கும் அயலவர் காணிகளிலே கூலியாட்களாகவே நின்றார்கள். 'தோட்டக்காட்டான்' என்ற இழிசொல்லைச் சிங்களவர் நமக்குக் கற்றுத் தரவில்லை; அது தமிழ்ச் சொல். கொழும்பிலே நம்மவர் வீட்டுச் சமையலறைகளில் வேலைக்கு நிற்கும் பெண் எந்த ஊரவள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பான்மையிடம் சமத்துவம் கேட்கும் சமூகம், தன் வீட்டு அடுக்களையிலே எந்தப் படியால் அளக்கிறது?

மொழியிலும் இத்தராசு உண்டு. ஒரு முறை, மலையகத்து மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரையைக் காண நேர்ந்தது. தன் தாய் 'பெரட்டுக்குப் போனாள்' என்று எழுதியிருந்தாள். திருத்தியவர் அச்சொல்லைச் சிவப்பு மையால் சுற்றி, கொச்சை என்று குறித்திருந்தார். பெரட்டு, 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்பர். அதிகாலையிலே தொழிலாளரை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் வழக்கத்தைக் குறிப்பது. அதற்கு ஈடான வேறு சொல் நம் அகராதியில் இல்லை. ஏனென்றால் அப்படி வரிசையிலே நின்ற அனுபவம் அகராதி செய்தவர்களுக்கு இல்லை. அலுமாரியும் யன்னலும் கதிரையும் அந்நியச் சொற்களே. அவற்றை யாரும் சுற்றுவதில்லை. வசதியுள்ளவர் வீட்டுக்குள் வந்த அந்நியச் சொல் தமிழாகிவிடுகிறது. லயத்துக்குள் வந்த சொல் கொச்சையாகிவிடுகிறது. அந்தப் பிள்ளை இழந்தது ஒரு புள்ளியோ இரண்டோ இருக்கலாம். தன் தாயின் காலைப்பொழுது எழுத்துக்குத் தகுதியற்றது என்று அவள் எண்ணியிருந்தால், அந்த இழப்பை எந்தப் புள்ளியால் ஈடு செய்வது?

ராமையாவும் சி. வி.யும் தெளிவத்தையும் செய்த பணியின் பெறுமதி எனக்கு இவ்விடத்திலேதான் தெளிவாகிறது. அவர்கள் அனுதாபம் தேடி எழுதவில்லை. அளக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து அளந்தவர்களைப் பார்த்தார்கள். தராசு முள்ளை வாசிக்கும் உரிமையைக் கொய்தவளுக்கும் கொடுத்தார்கள். 2023இல், மலையக மக்களின் முன்னோர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். கப்பலால் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தவர்களின் பாதை அது. தங்கள் பாதையைத் தாங்களே அளந்தார்கள்.

நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்களாக இருக்க வேண்டியதில்லை. மடுவத்திலே நிறை வாசிக்கும்போது கொய்தவளும் முள்ளைப் பார்க்கட்டும். கழிப்பதற்குக் காரணம் கேட்கட்டும். லயத்துக்குக் கடிதம் நேரே போகட்டும். நம் பாடசாலை நூலகங்களிலே நான் சொன்ன நூல்கள் அலுமாரிக்கு வெளியே, பிள்ளைகளின் கைகளுக்கு வரட்டும். ஆசிரியராயிருப்போர் சிவப்புப் பேனாவை எடுக்கும்போது ஒரு கணம் நிதானிப்போம். சம வாய்ப்பு என்று பேசுகிறவர்கள், வாய்ப்பை வழங்கும் நாளுக்கு முன்னைய நாட்களையும் கணக்கில் எடுப்பார்களாக.

முதலில் சமனாக நிற்பது, பின்னர் அளவிடுவது என்ற வரிசையைப் பரிமேலழகர் நமக்குச் சுட்டிக்காட்டினார். நாமோ நெடுங்காலமாக இரண்டாவது வேலையை மட்டும் செய்துவருகிறோம்.